மண்டபத்துச் செருமல்

மேல்நாட்டுச் சிம்பொனி ஒன்றின் முதலாம் பகுதி முடிந்து இரண்டாம் பகுதி தொடங்குமுன் ஒரு சிறிய இடைவெளி உண்டு. வாத்தியக்காரர்கள் தாள் புரட்டுவார்கள். யாரோ ஒருவர் கதிரையை இழுத்துப் போடுவார். அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்த சபை, சேர்த்து வைத்த இருமலையெல்லாம் அந்த இடைவெளிக்குள் இருமித் தீர்த்துவிடும். பிறகு ஓர் அமைதி வரும். நடத்துநர் கோலை உயர்த்துகிறார் என்பது கண்ணால் காணாமலே விளங்கும். சங்கீதம் தெரிந்தவர்கள் இந்த இடைவெளியைச் சங்கீதத்தோடு சேர்த்து எண்ணுவதில்லை. எனக்கு முதலில் அறிமுகமானது அந்த இடைவெளிதான். அதற்கு இரு பக்கத்திலும் சங்கீதம் இருக்கிறது என்பது பிறகுதான் தெரியவந்தது.

இப்போது கைபேசியில் எந்த நேரமும் எந்த ஊர் மண்டபத்துக் கச்சேரியையும் கேட்கலாம். மகள் கனடாவிலிருந்து அனுப்பிய கைபேசி. பருத்தித்துறையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு கேட்கிறேன். கேட்கும்போது நிம்மதி இல்லை. சார்ச் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பேன். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டேனா என்று யோசிப்பேன். முதலாம் பகுதி முடியப்போகிறது என்று தெரிந்தவுடன் என் விரல்கள் தாமாகவே தொடையில் எண்ணத் தொடங்கிவிடும். ஒருவர் இடப்பக்கம், இருவர் நடுவில், ஒரு பெண், ஒரு கிழவர். "சங்கீதம் கேக்கிறியளோ, இருமல் எண்ணுறியளோ?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்பாள். முப்பது வருடமாகக் கேட்கிறாள். அவளுக்குப் பதில் தெரியும்.

என் தங்கச்சியின் கணவர் கடலுக்குப் போகிறவர். நான் அவரை மச்சான் என்று கூப்பிடுவேன். விடியற்காலையில் கரைக்கு வந்து, மீனைக் கொடுத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். எங்கள் பக்கத்தில் ஆண்கள் வீட்டு வெளிக்கதவான படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொண்டையைச் செருமுவார்கள். உள்ளே இருக்கிற பெண்பிள்ளைகளுக்கு ஆள் வருகிறது என்று அறிவிக்கிற முறை அது. குறுகலான எங்கள் ஒழுங்கையில் எந்தச் செருமல் எந்த வீட்டுக்காரனுடையது என்று எல்லாருக்கும் தெரியும். மச்சானுடையது இரண்டு. முதலாவது கட்டை. இரண்டாவது கொஞ்சம் இழுத்து, கடைசியில் மேலே ஏறும். கேள்வி கேட்கிற மாதிரி. இரண்டு வளவு தள்ளியிருந்த எனக்கே அது கேட்கும். தங்கச்சி அடுப்படியில் இருந்தாலும், கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாலும், அந்த இரண்டாவது செருமல் முடியுமுன் எழும்பிவிடுவாள்.

யுத்தம் வந்து கடலுக்குப் போகக்கூடாது என்று தடை போட்டார்கள். மச்சான் ஒரு வருடம் வீட்டில் இருந்து வலையைப் பிரிப்பதும் பின்னுவதுமாகக் காலம் கழித்தார். பிறகு காணி ஒன்றை ஈடு வைத்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற முகவர் ஒருவரைப் பிடித்துப் புறப்பட்டுப் போனார். எங்கெங்கோ அலைந்து, குளிர்நாட்டுப் பெருநகரம் ஒன்றில் கரை சேர்ந்தார். அப்போது குடாநாட்டில் தொலைபேசி இல்லை, மின்சாரமும் இல்லை. தபால் கப்பலில் வரவேண்டும். அந்தக் கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய முதலாவது கடிதம் வந்தபோது அதில் எழுதியிருந்த குளிர்காலம் முடிந்து, அடுத்த குளிர்காலம் தொடங்கியிருந்தது.

தங்கச்சி கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். அவளுக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் அதிலிருந்த விஷயம் அவளுக்கு நம்பக் கடினமாயிருந்தது. மச்சானுக்கு ஒரு சங்கீத மண்டபத்தில் வேலை கிடைத்திருந்தது. வருகிற சனத்தின் குளிர்க் கோட்டுகளை வாங்கி, இலக்கத் தகடு கொடுத்து, மாட்டி வைக்கிற வேலை. "இஞ்சையும் கண்டக்டர் எண்டு ஒரு ஆள் இருக்கிறார். ரிக்கற் கிழிக்கிறதில்லை, தடியை ஆட்டுறதுதான் வேலை" என்று எழுதியிருந்தார். சபை இருமக்கூடாது என்பதற்காகக் கோட்டு வாங்குகிற இடத்தில் ஒரு கிண்ணம் நிறைய இருமல் இனிப்பு வைத்திருப்பார்களாம், இலவசமாக. கச்சேரி தொடங்கியபின் வேலை இல்லாததால் பின்கதவுக்கு உள்ளே நின்று கேட்க விடுவார்களாம். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கச்சேரி அந்த நாட்டு வானொலியில், சிற்றலையில், உலகம் முழுக்கப் போகிறதாம். அங்கே காலை, இங்கே பின்னேரம்.

"அண்ணையிட்டைச் சொல்லி அதைப் பிடி" என்று அவளுக்கு எழுதியிருந்தார். "முதல் துண்டு முடிய எல்லாரும் இருமுவினம். அவையள் இருமி முடியுமட்டும் நான் பொறுத்திருப்பன். பேந்து செருமுவன். கேட்டியெண்டா நான் இருக்கிறன் எண்டு அறிஞ்சுகொள்."

இதை வாசித்து முடித்ததும் நான் சொன்னேன், நடக்கிற காரியமில்லை என்று. அத்தனை பெரிய மண்டபம், அத்தனை சனம், எங்கேயோ மேலே தொங்குகிற ஒலிவாங்கி, இடையில் ஒரு சமுத்திரம். தங்கச்சி கடிதத்தை மடித்தாள்.

"அண்ணை, உங்களிட்டைக் கேக்கும் கேக்காதெண்டு கேக்கேல்லை. றேடியோ இருக்கோ எண்டுதான் கேக்கிறன்."

என்னிடம் ஒரு பழைய வானொலிப் பெட்டி இருந்தது. பற்றரிக்குத் தடை. அந்த நாட்களில் எல்லாரும் செய்ததுபோல, மச்சான் விட்டுப்போன சைக்கிளை ஸ்ராண்டில் தூக்கி நிறுத்தி, பின்சில்லு டைனமோவிலிருந்து வயர் இழுத்துப் பெட்டியில் கொழுவினேன். மிதித்தால் பாடும், நிறுத்தினால் நின்றுவிடும். சங்கிலிச் சத்தம் கேட்கக்கூடாது என்று தேங்காயெண்ணெய் விட்டோம். சமையலுக்கே எண்ணெய் இல்லாத நாட்கள். நான் மிதிப்பேன், தங்கச்சி யன்னல் விளிம்பில் பெட்டியை வைத்து, முக்காலியில் இருந்து காதை அதில் வைத்துக்கொள்வாள். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணனும் தங்கச்சியும் வெள்ளைக்காரனிட்டைச் சங்கீதம் படிக்கினம். அரங்கேற்றம் எப்பவாம்?" என்பாள்.

முதல் ஞாயிறு நாங்கள் எதையும் விளங்கிக்கொள்ளவில்லை. நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த காதுக்கு, நூறு பேர் ஒரே நேரத்தில் வேறு வேறு விஷயம் கதைப்பது போலிருந்தது. முழங்கி, இடித்து, கொட்டி, நின்றது. கைதட்டல் வரவில்லை. தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாவம், இவ்வளவு பாடுபட்டும் ஒருத்தரும் தட்டேல்லை" என்றாள். அவள் அதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் இருமல்கள் வந்தன. முன்னால் சில, பின்னால் சில, மழை விடும்போது ஓலையிலிருந்து சொட்டுகிற மாதிரி. பிறகு அமைதி. நான் மிதியின் வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டேன். அந்த அமைதியின் கடைசியில், வெகு தூரத்தில், கிணற்றுக்குள் இருந்து வருவது போல, ஒரு கட்டைச் செருமல். அதன் பின்னால் இன்னொன்று. இழுத்து, மேலே ஏறி.

தங்கச்சி பெட்டியை விட்டுவிட்டு எழும்பி இரண்டடி நடந்துவிட்டாள். படலைப் பக்கமாக. பிறகுதான் நின்றாள். சிரித்தாள். அதற்குப் பிறகு அழுதாள். நான் கணித ஆசிரியன்; எதையும் நிறுவிக் காட்டாமல் ஒப்புக்கொள்ளாதவன். அன்று நான் நிறுவச் சொல்லிக் கேட்கவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் பகுதி தொடங்கியது. மெதுவான பகுதி. செய்தி வந்துவிட்டபடியால் நிறுத்தியிருக்கலாம். "நிப்பாட்டாதேங்கோ அண்ணை" என்றாள் அவள். "அவரும் உதைக் கேட்டுக்கொண்டுதானே நிக்கிறார்."

அப்படித்தான் நாங்கள் சிம்பொனி கேட்கப் பழகினோம். பெரும்பாலும் நான்கு பகுதி, மூன்று இடைவெளி. முதலாவது இடைவெளிதான் எங்களுடையது. அது எப்போது வரும் என்று அறிவதற்காக, அதற்கு முன் வருவதைக் கவனித்தோம். தொடக்கத்தில் வந்த மெட்டு திரும்பி வந்தால் பாதிக்கு மேல் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கொம்புகள் எழும்பி, தோல்வாத்தியம் உருளத் தொடங்கினால் மிதியை இறுக்கிப் பிடிக்கவேண்டும். இசையமைத்தவர்களின் பெயர்களை அறிவிப்பாளர் சொல்வார். எனக்கு ஆங்கிலம் தெரியும், நான் அவளுக்குச் சொல்வேன். அவள் அந்தப் பெயர்களை நினைவில் வைத்திருக்கமாட்டாள். தானே பெயர் வைப்பாள். மழை இரைகிறது. கலியாண வீட்டில் சண்டை. அப்பு கோபித்துக்கொண்டு போகிறார். ஒருமுறை ஒற்றைக் குழல் ஒன்று நெடுநேரம் தனியே ஊதி ஓய்ந்தபோது, "அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லை, பாத்தியளே" என்றாள். நான் அதுவரை அதை மறுமொழி எதிர்பார்க்கிற ஒன்றாக நினைத்ததில்லை. இன்றைக்கும் அந்தக் குழலைக் கேட்கிறபோதெல்லாம் யாராவது மறுமொழி சொல்லமாட்டார்களா என்றிருக்கிறது.

சில இசைக்காரர்கள் முதலாம் பகுதியையும் இரண்டாம் பகுதியையும் இடைவெளி விடாமல் தொடுத்து எழுதியிருக்கிறார்கள். இது ஒரு ஞாயிறு பின்னேரம் எங்களுக்குத் தெரியவந்தது. முழக்கம் முடிந்தது, ஒரேயொரு நீண்ட சுரம் அறுபடாமல் நின்றது, அதிலிருந்தே அடுத்த பகுதி பிறந்துவிட்டது. ஒருவரும் இருமவில்லை. இரும இடமில்லை.

"உவன் ஆர்?" என்று தங்கச்சி கேட்டாள்.

பெயரைச் சொன்னேன். அவர் இறந்து நூறு வருடத்துக்கு மேல் என்றும் சொன்னேன்.

"எத்தினை வருசமெண்டாலும் எனக்கென்ன. அறுவான், ஒரு மூச்சு விட்டிருந்தா அவனுக்கென்ன குறைஞ்சுபோச்சுது?"

அந்தக் கிழமை ஏழு நாளும் அவள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. எங்கோ ஒரு நாட்டில் எப்போதோ ஒருவர் தன் மேசையில் இருந்து எடுத்த ஒரு முடிவு, பருத்தித்துறையில் ஒருத்தியின் சோற்றைத் தள்ளிவைக்கச் செய்தது. சங்கீதத்தின் வலிமை பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இதை யாரும் எழுதியதாக நான் காணவில்லை.

மாரி முற்றியபோதுதான் எண்ணிக்கை பிசகத் தொடங்கியது. இரண்டுக்குப் பதில் மூன்று வந்தது. அடுத்த ஞாயிறு நான்கு. அவற்றில் இரண்டு சபையோடு சேர்ந்தே வந்தன, பொறுத்திருக்க முடியாதவர் போல. நான் மிதித்துக்கொண்டே இருந்தேன். வேறு யாராவது அவருக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்று எனக்கு நானே காரணம் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு, இடைவெளி வருமுன்பே, மெல்லிய வயலின்கள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்த இடத்தில் அது கேட்டது. ஆழத்திலிருந்து வந்தது. அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் வந்தது. கதவு ஒன்று திறந்து மூடிய சத்தமும் கேட்டது.

தங்கச்சி பெட்டியிலிருந்து காதை எடுத்தாள்.

"உது செருமல் இல்லை அண்ணை. உது இருமல்."

"குளிருக்கு வாற தடிமனாக்கும்."

"நெஞ்சுக்குள்ளாலை வருது. எனக்குத் தெரியாதே?"

அன்றே கடிதம் எழுதினாள். மருந்து எடுங்கோ, கோட்டு மாட்டுகிற இடத்தில் ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ, இருமல் இனிப்பை நீங்களும் தின்னுங்கோ, எனக்காகப் பின்கதவடியில் நிற்கவேண்டாம். கடிதத்தைத் தபால் கந்தோரில் கொடுத்தபோது, கப்பல் எப்போது என்று தெரியாது என்றார்கள். அவருடைய நெஞ்சு எங்களுக்கு அன்றைக்கன்றைக்கே கேட்டது. எங்களுடைய வாய் அவரை எட்ட மாதங்கள் வேண்டும். அந்தக் காலத்தை நினைக்கும்போது வெடிச்சத்தங்களை விட இதுதான் இப்போதும் என் நித்திரையைக் குழப்புகிறது. ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவு.

அடுத்த கிழமை ஷெல் அடி கடுமையாக இருந்தது. கரவெட்டிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டோம். அந்த ஞாயிற்றுக் கச்சேரி தவறிவிட்டது. திரும்பி வந்து, அதற்கடுத்த ஞாயிறு மிதித்தேன். முதலாம் பகுதி முடிந்தது. சபை இருமி ஓய்ந்தது. அமைதி வந்தது, நீண்டது, இரண்டாம் பகுதி தொடங்கியது. செருமலும் இல்லை, இருமலும் இல்லை. நான் அவளைப் பார்க்கப் பயந்துகொண்டு சில்லைப் பார்த்தேன்.

அவளுக்கு முகம் மலர்ந்திருந்தது. "மாறியிட்டுது" என்றாள். "இருமல் நிண்டிட்டுது. மருந்து எடுத்திருக்கிறார். தொண்டை நோகும், அதாலை செருமேல்லை." அடுத்த ஞாயிறும் அமைதிதான். அவள் பிள்ளையார் கோயிலுக்கு மோதகம் அவித்துக் கொண்டுபோனாள். சர்க்கரைக்கு அலைந்து எங்கோ வாங்கியிருந்தாள். எனக்கும் ஐந்து தந்தாள். நான் சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றதால் ஐந்தையும் சாப்பிட்டேன்.

செய்தி கொழும்பிலிருந்து வந்தது. மச்சானோடு ஒரே அறையில் இருந்தவர் கொழும்பிலுள்ள தன் தமையனுக்குத் தொலைபேசியில் சொல்ல, தமையன் ஊருக்கு வந்த ஒருவரிடம் சொல்லிவிட, அந்த மனிதர் கடல்நீரேரியைப் படகில் தாண்டி வந்து, எங்கள் படலையில் நின்று செருமினார். தங்கச்சி எழும்பவில்லை. வேறு செருமல் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் போனேன். நெஞ்சில் சளி கட்டி ஆசுபத்திரியில் கிடந்து முடிந்ததாம். அங்கேயே எரித்துவிட்டார்களாம். வந்தவர் காட்டுவதற்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. சொன்னதை மட்டும் கொண்டுவந்தார்.

உடல் இல்லாத இடத்தில் செய்வதை ஐயர் செய்தார். தர்ப்பையில் உருவம் செய்து எரித்தோம். எட்டாம் நாளும் முடிந்தது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது. தங்கச்சியின் பொட்டை அழித்தார்கள். அவள் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. பெட்டியை நான் தட்டிலே தூக்கி வைத்தேன். சைக்கிளை ஸ்ராண்டிலிருந்து இறக்கினேன். ஞாயிறு பின்னேரங்கள் எங்கள் இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியாத பின்னேரங்கள் ஆகிவிட்டன. நான் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, இந்நேரம் மெட்டுத் திரும்பி வரும், இந்நேரம் கொம்பு எழும்பும் என்று மனத்துக்குள் மிதித்துக்கொண்டிருப்பேன்.

வெயில் காலத்தில் ஒரு ஞாயிறு அவள் என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணை, றேடியோவைப் போடுங்கோ" என்றாள்.

"எதுக்கு?"

"சும்மா, பாட்டுக் கேக்க."

நான் சைக்கிளை நிறுத்தி வயரைக் கொழுவினேன். மிதிக்கத் தொடங்கிய பிறகுதான் அறிவிப்பாளரின் குரல் தெளிந்தது. கோடையில் மண்டபம் பூட்டியிருக்கிறது, அதனால் சென்ற பருவத்துக் கச்சேரிகளை மீண்டும் தருகிறோம் என்றார். அன்றைக்கு எந்தத் தேதிக் கச்சேரி என்று சொன்னார். மாரியில் நடந்தது, எங்கள் கணக்கில், நாங்கள் கரவெட்டியில் இருந்த அந்த ஞாயிறு. நிறுத்திவிட்டு, ஏதோ பழுது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. "இது பழசு, பிள்ளை. பதிஞ்சு வைச்சதைப் போடுறாங்கள்" என்று உள்ளதைச் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

முதலாம் பகுதி முடிந்தது. சபை இருமியது. அமைதி வந்தது. அந்த அமைதியின் கடைசியில், கட்டையாக ஒன்று. பின், இழுத்து, மேலே ஏறி, மற்றது. நெஞ்சு நோ எதுவும் அதில் இல்லை. அந்த ஒரு ஞாயிறுக்காக உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்து, நன்றாகச் செருமியிருக்கிறார். நாங்கள் கேட்காத ஞாயிறு அது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தங்கச்சி எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நெற்றியில் குங்குமம் இருந்தது. என் மனைவியின் சிமிழிலிருந்து எடுத்திருந்தாள். இரண்டாம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, அந்த ஆள் சொன்னதைச் சொன்னன்தானே. இது மாரியிலை பதிஞ்சது. அவர்..."

"தெரியும் அண்ணை. அந்த ஆள் கதைச்சது உங்களோடை. இவர் செருமினது என்னோடை."

அதன்பின் அவள் பொட்டை அழிக்கவில்லை. கணவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒருநாளும் வாதாடியதும் இல்லை. திவசத்துக்குச் சமைப்பாள், பொட்டோடு சமைப்பாள். சந்தையில் பெண்கள் அவளைக் கண்டு வாயை மூடிக்கொண்டார்கள். விசர், பைத்தியம் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு ஊர் வாய்க்குப் பயம். இன்றைக்கும் பயம். இரண்டு மூன்று முறை அவளிடம் பேச நினைத்துப் போய், முற்றத்தில் நின்று முருங்கைக்காய் எண்ணிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

யுத்தத்தின் இடையில் வந்த ஓய்வில் என் மகளுக்குக் கலியாணம் நடந்தது. ஆலத்தி எடுக்க இரண்டு சுமங்கலிகள் வேண்டும். ஒருத்தி ஆயத்தமாக நின்றாள். மற்றவளைத் தேடினார்கள். அப்போது என் மனைவி தட்டை எடுத்து நேரே தங்கச்சியின் கையில் கொடுத்தாள். "இந்தா மச்சாள், பிடி" என்றாள். மேளம்கூட ஒரு கணம் தயங்கியது போலிருந்தது எனக்கு. பெரியமாமி ஒருவர் வாய்விட்டே கேட்டார்: "உவள் எடுக்கலாமோ? அவளின்ரை மனிசன்..."

"அவளின்ரை மனிசன் செருமினவர்" என்றாள் என் மனைவி. "நான் அடுப்படியிலை நிண்டு கேட்டனான். இரண்டு தரம். இப்ப நல்ல நேரம் போகுது, கதையை விட்டிட்டுத் தள்ளி நில்லுங்கோ."

எங்களைப் பார்த்து அரங்கேற்றம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். அடுப்படிக்கு அந்தப் பெட்டியின் சத்தம் கேட்குமா, கேட்காதா என்று நான் அளந்து பார்த்திருக்கலாம். இத்தனை வருடத்தில் ஒருமுறையும் பார்க்கவில்லை. அவளிடம் கேட்டதும் இல்லை. தங்கச்சி ஆலத்தி எடுத்தாள். என் மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், சுகமாக இருக்கிறார்கள்.

இவ்வளவையும் எழுத வைத்தது சென்ற மாதம் நடந்த ஒன்று. கைபேசியில் தேடிக்கொண்டிருந்தபோது அந்த மண்டபத்தின் பழைய ஞாயிற்றுக் கச்சேரிகளை எல்லாம் மண்டபத்தார் ஒன்று விடாமல் ஏற்றி வைத்திருப்பதைக் கண்டேன். பருவம் பருவமாக. எங்கள் மாரியும் அதில் இருந்தது. கரவெட்டி ஞாயிறும் இருந்தது. கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: பழைய பதிவுகளைச் செம்மை செய்து, சபையின் ஓசைகளை முற்றாக நீக்கி, சங்கீதத்தை மட்டும் தூய்மையாகத் தருவதில் மகிழ்ச்சி அடைகிறார்களாம்.

சொல்வதா விடுவதா என்று மூன்று கிழமை உலைந்தேன். அவளுக்கு இப்போது முதுமை; முழங்கால் ஏலாது; பொட்டு மட்டும் அதே பெரிய பொட்டு. கடைசியில் சொன்னேன். கச்சேரி கிடக்கிறது, ஆனால் சனத்தின் சத்தத்தை எடுத்துப்போட்டார்கள் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னேன்.

"போடுங்கோ, கேப்பம்" என்றாள்.

காதில் மாட்டுகிற வயரில் ஒன்றை அவளும் மற்றதை நானுமாக விறாந்தையில் இருந்து கேட்டோம். மிதிக்க ஒன்றுமில்லாமல் என் கால்கள் நிலத்தில் அசைந்தன. மெட்டுத் திரும்பி வந்தது. கொம்புகள் எழும்பின. முழக்கம் நின்றது. அதன்பின் வந்தது அமைதி அல்ல. அமைதியில் மூச்சிருக்கும், துணி உரசும், கதிரை முனகும். இது வெறும் இல்லாமை. நூற்றுக்கணக்கான சனம் இருந்த மண்டபத்தில் ஒருவரும் இருக்கவில்லை. இரண்டாம் பகுதி தொடங்கியது.

தங்கச்சி வயரைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாரையும் எடுத்துப்போட்டாங்கள் என்ன?"

"ஓம்."

"எடுத்ததை எங்கை வைச்சிருப்பாங்கள்?"

நான் வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குக் கழித்தல் சொல்லிக் கொடுத்தவன். கழித்தால் மிச்சம் என்ன என்றுதான் கேட்டிருக்கிறேன். கழித்தது எங்கே போனது என்று ஒரு பிள்ளையும் என்னைக் கேட்டதில்லை, நானும் நினைத்ததில்லை. அது எங்கும் வைக்கிற பொருள் அல்ல, அழித்தால் அழிந்ததுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு நகரத்து மண்டபத்தில் பல வருடம் கோட்டுக் கொடுத்து வாங்கிய சனமெல்லாம், செத்தவர்களும் இருக்கிறவர்களுமாக, எங்கோ ஓர் அறையில் நெருக்கிக்கொண்டு நின்று இருமுவது போல எனக்கு ஒரு தோற்றம் வந்தது. "தெரியாது பிள்ளை. எழுதிக் கேக்கிறன்" என்றேன்.

எழுதினேன். மண்டபத்தாருக்கு நல்ல ஆங்கிலத்தில், இன்ன நாள், இன்ன கச்சேரி, முதலாவது இடைவெளி என்று விபரமாக எழுதி, நீக்கிய ஓசைகளைத் தனியே வைத்திருக்கிறீர்களா, இருந்தால் ஒரு பிரதி தருவீர்களா என்று கேட்டேன். என்னை விசரன் என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கைபேசியைத் திறந்து பார்க்கிறேன் என்று மனைவி எண்ணத் தொடங்கியிருக்கிறாள்.

நேற்று ஞாயிறு. பின்னேரம் தங்கச்சி வந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்: "மறுமொழி வந்ததோ?"

"இன்னும் இல்லை."

"ஞாயிற்றுக்கிழமை அவங்களுக்கும் லீவாக்கும்" என்றாள்.